வாரத்துக்கு விட்ட கோழி

1

இந்த வருடம் முதல் பனி விழுந்த அன்றுதான் அந்த மின்னஞ்சலும் வந்தது. சமையலறை ஜன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் டேனியல் வந்து கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

நாங்கள் வினிபெக் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கனடாவின் வரைபடத்தை எடுத்து நடுவில் விரலை வைத்தால் எங்கள் ஊர் வந்துவிடும். ஆறு மாதம் குளிர், மீதி ஆறு மாதம் குளிரைப் பற்றிய பேச்சு. நான் ஒரு பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவர் ராஜன் பேருந்துக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறார். இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த டேனியல் இப்போது கல்லூரியில் முதல் வருடம், மின்னணுவியல் படிக்கிறான். நிமிர்ந்து பார்த்துத்தான் அவனைத் திட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இலையுதிர் காலத்தில் ராஜனின் தொழிற்சாலையில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வீட்டுத் தவணை குறையவில்லை. ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் பருவத்தின் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று நாங்கள் கிசுகிசுத்ததை டேனியல் கேட்டிருக்கிறான். கல்லூரியின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் அவனைப் பிடுங்கி எடுத்தேன். கிடைத்தும்விட்டது. அது அரசாங்கப் பணம் இல்லை. யாரோ ஒரு அம்மாள், இறந்துபோன கணவரின் நினைவாகத் தன் கையிலிருந்து கல்லூரிக்குக் கொடுத்து வைத்த பணம்.

மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான்: கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதி, புகைப்படத்துடன் மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். வராவிட்டால் தொகை அடுத்து வரிசையில் இருக்கும் மாணவருக்குப் போய்விடும்.

"நான் நன்றி பண்ண மாட்டேன்மா" என்றான் டேனியல்.

அவனுடைய தமிழில் எல்லாமே 'பண்ணு'வதுதான். தூக்கம் பண்ணுவான், பசி பண்ணுவான். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"ஏன்டா?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. ஃபோட்டோ வேற கேக்குறாங்க, சிரிச்ச மாதிரி. நான் என்ன, காப்பகத்துல தத்து குடுக்கிற நாய்க்குட்டியா?"

"பணம் போயிடும்டா."

"போகட்டும். நான் ஜனவரியில நின்னுடுறேன். வேர்ஹவுஸ்ல ஃபுல்டைம் கேட்டிருக்கேன். அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காங்க."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். படிப்பை விடுவதைப் பால் வாங்கப் போவதைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறான்.

2

அந்தக் கடிதத்துக்கான விதிமுறைகளை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அது ஒரு தனி இலக்கணம். தொகையைக் குறிப்பிடக் கூடாது. முகவரி எழுதக் கூடாது. மதத்தைப் பற்றிப் பேசக் கூடாது. உங்கள் கனவு என்ன என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். கஷ்டத்தைச் சொல்லலாம், ஆனால் படிப்பவர் மனம் சோர்ந்துவிடாதபடி சொல்ல வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு இது விளங்குமோ என்னவோ. நான் கல்லூரியில் சேர்ந்தபோது வருமானச் சான்றிதழுக்காக என் அம்மா கிராம அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எத்தனை நடை நடந்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் இருக்கும் நாளில் முத்திரை இருக்காது. முத்திரை இருக்கும் நாளில் அவர் மீட்டிங் போயிருப்பார். அங்கே கஷ்டப்படுகிறோம் என்பதற்கு முத்திரை கேட்டார்கள், இங்கே சிரித்த முகம் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் கேட்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் வாங்குகிறவனுக்கு எங்கேயோ குத்துகிறது.

அன்று அவனிடம் எல்லாப் பெற்றோரையும் போல நானும் பேசினேன். நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமா என்று தொடங்கி, இந்த நாட்டுக்கு வந்ததே உனக்காகத்தான் என்று முடித்தேன். அவன் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். அந்தக் கழுத்தை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பாத்திரம் கழுவும்போதுதான் சட்டென்று பிடிபட்டது. அது என் அம்மாவின் கழுத்து.

ஒரு கோழிக் கதையை இத்தனை வருடம் இவனுக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

3

எங்கள் ஊர் பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலம். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தாள். நல்ல மார்க் வந்ததால் மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கிடைத்தது. வீட்டிலிருந்த மூன்று கோழிகளில் இரண்டை விற்றும், இங்கும் அங்கும் கைமாற்று வாங்கியும் முதல் பருவத்தைக் கட்டினோம். இரண்டாம் பருவக் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை விடுதிப் பலகையில் ஒட்டினார்கள். என் பெயர் மேலிருந்து நான்காவது. இனித் திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் சபையின் பாஸ்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விளைந்ததில் ஒன்றை ஆலயத்துக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். நெல்லு மூட்டை, வாழைத்தார், தேங்காய், பூசணி, ஆட்டுக்குட்டி, எலுமிச்சம்பழம், எதுவும் வரலாம். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் அவை ஏலம் போகும். ஒருபக்கம் அண்டாவில், வந்தவர்களுக்கெல்லாம் போடும் அசனச் சோறு வெந்துகொண்டிருக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உட்கார்ந்து ஏலம் கேட்பார்கள். கடைவீதிப் பழக்கம் அப்படி.

அந்த வருடம் அம்மா எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே செவலைக் கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டாள்.

"அதையும் குடுத்துட்டா நமக்கு என்னம்மா இருக்கு?" என்றேன்.

"ஆண்டவருக்குக் குடுக்குறத அப்பறம்னு சொல்லப்படாது ஆத்தா. நட" என்றாள்.

ஏலம் கூறியவர் தவமணி அண்ணன். வாரநாட்களில் வடுகபட்டி பூண்டு மண்டியில் ஏலம் கூறுகிறவர். அந்தத் தொண்டை ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது.

"செவலக் கோழி! முட்டையிடுற கோழி! நாப்பது ரூவா ஒருதரம், நாப்பது ரூவா ரெண்டுதரம்..."

ஒரு ஆசிரியர் அறுபது ரூபாய்க்கு எடுத்தார். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "கோழி ஆலயத்துக்கே" என்றார். எங்கள் ஏலத்தின் அழகு இதுதான். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி ஏலத்துக்கு வரும். கோழி மறுபடி வந்தது. ஒரு கண்டக்டர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை பாஸ்டர் எழுந்து போய்த் தவமணி அண்ணன் காதில் ஏதோ சொன்னார்.

"இன்னொரு விசயம் கேட்டுக்கங்க!" என்றார் அண்ணன். "இனிமே இந்தக் கோழியில விழுகுற காசு பூராம் படிப்ப நிறுத்தப் போற ஒரு பிள்ளைக்கு. யாரு எவருன்னு கேக்கப்படாது. கேளுங்க, கேளுங்க!"

எனக்குக் காது சுட்டது. அண்டாப் பக்கம் கிண்டிக்கொண்டிருந்த அம்மா, அகப்பையோடு ஓடிவந்தாள். "ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ! தவமணி, என் பேர்லயும் பத்து ரூவா போடுப்பா!" என்றாள். தன் கோழிக்குத் தானே ஏலம் கேட்ட ஒரே ஆள் அன்று என் அம்மாதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோழி பதினேழு முறை ஏலம் போனது. நான் எண்ணினேன். பூண்டு வாங்க வடுகபட்டிக்கு வந்திருந்த உத்தமபாளையம் ராவுத்தர் ஒருவர், கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இரண்டு முறை எடுத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு முறை எடுத்தார்கள். கடைசியில் வந்தவர் சொக்கலிங்கம் முதலாளி. வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருப்பவர். வருடாவருடம் அசனத்துக்கு ஒரு மூட்டை பூண்டு அனுப்புவார், அதனால் முன்வரிசையில் அவருக்கு நாற்காலி. வழக்கமாக ஒரு பூசணிக்காயை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்று அவர் கோழிக்குக் கையைத் தூக்கியதும் கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மூன்றுதரம் சொன்னார்கள். விலையைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மா கோழியைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எங்கிட்ட எதுக்கும்மா? உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே வளங்க" என்றார்.

அந்தப் பிள்ளை யார் என்று அன்று சாயங்காலம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாளில் நான் டிரங்குப் பெட்டியோடு விடுதிக்குத் திரும்பினேன். பலகையிலிருந்த என் பெயரை வார்டன் பேனாவால் அடித்தார். மறுநாள் காலை வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஐந்து மாதமாக நான் அந்த வகுப்பில் எதையும் கேட்கவே இல்லை. ஆசிரியர் பேசும்போதெல்லாம் என் மண்டைக்குள் கட்டணக் கெடுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றுதான் முதன்முதலாகப் பாடம் காதில் விழுந்தது. அதுவரை நான் மக்கு என்று நினைத்திருந்தேன்.

4

இனிதான் அம்மா செய்த காரியம்.

எங்கள் பக்கம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. கையில் காசு இருப்பவர் ஆடோ கோழியோ வாங்கி, இல்லாதவரிடம் வளர்க்கக் கொடுப்பார். ஈனுகிற குட்டியில் பாதி, இடுகிற முட்டையில் பாதி உடையவருக்குப் போக வேண்டும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அதில் ஏமாற்றினவர்கள் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

'உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்களே வளங்க' என்று முதலாளி சொன்னதை அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"கோழி முதலாளியோடது. நாம வாரத்துக்கு வளக்குறோம். இதுல என்ன சந்தேகம்?" என்றாள்.

"அம்மா, அவுக தருமமாக் குடுத்தாக."

"தருமமா? பாஸ்டர் காசக் குடுத்தாக, அது சபை குடுத்தது. கோழிய வளன்னு சொன்னது முதலாளி. அது வேற, இது வேற."

பத்து நாளைக்கு ஒருமுறை தூக்குவாளியில் உமியைப் போட்டு, அதில் பாதிப் பங்கு முட்டைகளைப் புதைத்து, வடுகபட்டிக்கு டவுன் பஸ் ஏறிவிடுவாள். சில நாள் டிக்கெட் காசு முட்டையின் விலையைவிட அதிகமாக இருக்கும். முதல் தடவை போனபோது மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வாளியை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். "முதலாளி கையிலதான் குடுப்பேன்" என்று அம்மா நின்றுவிட்டாள். முதலாளி மேசையை விட்டு எழுந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்னம்மா இது?"

"வாரமுங்க முதலாளி. உங்க பங்கு."

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பிறகு துண்டை உதறி விரித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து அதில் வைத்துக்கொண்டாராம். "சரிங்கம்மா. பிள்ள நல்லாப் படிக்குதா?" என்று மட்டும் கேட்டாராம்.

கோழி அடைகாத்துப் பத்துக் குஞ்சு பொரித்தது. ஐந்தைக் கூடையில் வைத்து மூடிக் கொண்டுபோனாள். அதையும் வாங்கிக்கொண்டார்.

விடுமுறைக்கு நான் வரும்போதெல்லாம் அம்மா இந்தச் செய்திகளைச் சொல்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தாலுகா அலுவலக வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிற என் அம்மா, அந்த மண்டிக்குள் மட்டும் பங்காளி மாதிரி நுழைந்தாள். ஒருமுறை நானும் கூடப் போய் அதை நேரில் பார்த்தேன். வழியில் நின்ற மூட்டைகளைத் தாண்டி, "முதலாளி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். கழுத்து அப்படி நேராக இருந்தது.

அடுத்த இரண்டு பண்டிகைக்கும் அந்தச் செவலையின் வம்சத்தில் ஒரு கோழி ஏலத்துக்குப் போனது. பேர் சொல்லாத அந்தப் பிள்ளைக்காக ஊர் திரும்பத் திரும்ப அதை ஏலம் எடுத்தது. அப்படித்தான் நான் மூன்று வருடமும் படித்தேன்.

5

முதல் வகுப்பில் தேறினேன். அம்மா ஒரு கிலோ அல்வாவும், வழக்கமான தூக்குவாளியும் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுக்கே போனாள். அதுவரை நாங்கள் மண்டிக்குத்தான் போயிருக்கிறோம். கதவைத் திறந்தவர் முதலாளியின் மனைவி. நெற்றி நிறையத் திருநீறு. அல்வாவைச் சிரித்துக்கொண்டே வாங்கினார். வாளியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இதுல என்னம்மா?"

"முட்டைங்க. வாரம்."

"ஐயோ, முட்டையெல்லாம் எங்க வீட்டு வாசப்படி தாண்டாதும்மா. நாங்க சுத்த சைவம். ஏழு தலமுறையா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பதினேழாவது முறை அவர் கையைத் தூக்கியபோது கூட்டம் எதற்காகச் சிரித்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. அகப்பையோடு நின்ற என் அம்மாவுக்கும், தலையைக் குனிந்துகொண்ட எனக்கும்தான் தெரியவில்லை.

"மூணு வருசமா முதலாளி கையில குடுத்தேனேம்மா!" என்றாள் அம்மா.

"நீங்கதானா அது?" என்றார் அந்த அம்மாள். "சில நாள் மண்டியில இருந்து வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிட உக்காருவாக. கேட்டா, பூண்டு வாடைம்பாக. முப்பது வருசமா இல்லாத வாடை இப்ப எங்கன இருந்து வந்துச்சுன்னு நானும் நெனச்சேன்."

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். அம்மா அழுகையும் கோபமுமாக அவரைப் பார்த்தாள்.

"சொல்லிருக்கலாம்ல முதலாளி?"

"சொல்லிருந்தா கொண்டாந்திருப்பீகளா?"

"குஞ்சு வேற குடுத்தேனே!"

"ஆமா. அஞ்சும் மேசைக்கடியில கத்திக்கிட்டே கெடந்துச்சுக. யாவாரிமாரு எட்டி எட்டிப் பாத்தாக" என்று சிரித்தார். "மூட்ட தூக்குற ஆளுகளுக்குத்தான்மா குடுத்தேன். முட்டையும் அவுகளுக்குத்தான். நல்லாச் சாப்பிட்டாக."

"எதுக்கு வாங்குனீக?"

அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நீங்க பங்கு கொண்டாந்தீக. எப்படிமா வேணாங்கிறது?" என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசலை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்ததை விடுங்கள். அது காசு இருந்தவர் கொடுத்தது. தொடவே தொடாத ஒன்றை, மண்டியே பார்த்துக்கொண்டிருக்க, மூன்று வருடம் தன் கையால் எண்ணி வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். நான் படித்ததற்கு அந்தப் பணம் எவ்வளவு காரணமோ, அம்மா கழுத்து வளையாமல் இருந்ததும் அவ்வளவு காரணம். அவள் குனிந்திருந்தால் நான் எப்போதோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்.

"ஒன்னு சொன்னா ஏசப்படாது ஆத்தா. பங்கு பிரிக்கையில பெரிய முட்டையெல்லாம் நமக்கு வச்சுக்கிட்டு, சிறுசாப் பாத்துத்தான் முதலாளிக்கு எடுத்து வப்பேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

6

முதலாளி இப்போது இல்லை. முன்வரிசை நாற்காலியில் அவர் மகன் உட்காருகிறார். ஏலம் மட்டும் வருடம் தவறாமல் நடக்கிறது, வீடியோ அழைப்பில் நானும் கேட்கிறேன். போன தடவை ஒரு பூசணிக்காய்க்கு ஐந்நூறு என்றேன். இரண்டு நொடி கழித்து "ஐந்நூறு!" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. யாரோ போட்டிக்கு வருகிறார்கள் என்று அறுநூறு என்றேன். "அறுநூறு!" விடுவேனா? ஆயிரத்து இருநூறு வரைக்கும் போனபிறகு தவமணி அண்ணன் திரையில் முகத்தைக் காட்டி, "ஏத்தா, ஒன்னைய எதுத்து இங்கன யாருமே கேக்கல, நான்தான் ஒன் வெலயத் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நிறுத்திக்கிறியா, இன்னும் ஏத்தவா?" என்றார். பூசணிக்காய் ஆலயத்துக்கே என்று சொல்லிவிட்டேன். அதில் விழுந்த காசில் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு பெண் நர்சிங் படிக்கிறாளாம். யார் எவர் என்று நான் கேட்கவில்லை.

7

வேர்ஹவுஸ் நேர்காணலுக்கு டேனியலைக் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகாதே என்று சொன்னால் பஸ்ஸில் போயிருப்பான். வழியெல்லாம் பனி. நாற்பது நிமிடப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாக நீண்டது. கோழிக் கதையை முழுக்கச் சொன்னேன். அவனிடம் வறுமையைச் சொன்னால் அது அவன் தோளில் பாரமாக ஏறிவிடும் என்று இத்தனை வருடம் பயந்திருக்கிறேன். மேசைக்கடியில் கோழிக்குஞ்சுகள் கத்திய இடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெரிய முட்டை, சின்ன முட்டை விஷயத்தையும் சொன்னேன். அதற்கு அவன் சிரிக்கவில்லை.

வேர்ஹவுஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை.

"அம்மா, காசு குடுக்கிற அந்த லேடி வீட்டுல டிரைவ்வே இருக்குமா?" தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையைக் கேட்கிறான்.

"யாருக்குடா தெரியும்? ஏன்?"

"ஸ்னோ தள்ளித் தரலாம். எனக்கு வேற என்ன இருக்கு குடுக்க?"

வண்டியை அப்படியே வீட்டுக்குத் திருப்பினேன். அன்று ராத்திரியே கடிதத்தை எழுதினான். நன்றி ஒரே வரிதான். மீதி எல்லாம், தனக்குச் சொந்தமாக நல்ல மண்வாரி இருக்கிறது, முதுகு வலி இல்லை, இந்தக் குளிர்காலம் முழுவதும் வந்து பனி தள்ளித் தர முடியும் என்பதுதான். படத்தில் சிரிக்கவும் இல்லை. மண்வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். மாணவர்கள் கொடையாளரைச் சந்திக்க முன்வருவது நடைமுறையில் இல்லை என்றார். அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். "எடுத்தா நான் அனுப்பல" என்றான் டேனியல். கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கொடையாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது. கடிதம் ஏற்கப்பட்டது, ஜனவரிக் கட்டணம் வரவு வைக்கப்பட்டது. கீழே அந்த அம்மாளின் முகவரியும் ஒரு வரியும்: சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். மண்வாரி மறக்க வேண்டாம்.

8

சனிக்கிழமை மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றான்.

"அம்மா, அது வீடு இல்ல. அபார்ட்மென்ட். அவங்க நாலாவது மாடி."

"டிரைவ்வே?"

"கிடையாது. பார்க்கிங்ல மெஷின் வந்து தள்ளிட்டுப் போயிடுது. நான் போறப்பவே க்ளீனா இருந்துச்சு."

"அப்பறம்?"

"கோட் எல்லாம் போட்டுக்கிட்டு லாபியில வெயிட் பண்ணினாங்க. எண்பது வயசு இருக்கும். பில்டிங்குக்குப் பின்னால ஒரு மரம், அதுக்கடியில ஒரு பெஞ்ச். அது வரைக்கும் வழி வேணும்னாங்க. தள்ளினேன். ஒரு மணி நேரம். அவங்க நடந்து போய் அதுல உட்கார்ந்தாங்க, மைனஸ் பதினெட்டுல. அஞ்சு நிமிஷம். அப்புறம் மேல போயிட்டாங்க. நெக்ஸ்ட் சாட்டர்டேயும் வரச் சொன்னாங்க." கையுறையை மேசையில் வைத்தான். "அம்மா, குளிர்காலத்துல அந்த பெஞ்ச்ல யாரும் உட்கார மாட்டாங்க."

"நீ ஏதாவது கேட்டியா?"

"இல்ல" என்றான். "கேக்கல."

நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோட்டின் குளிர் என் கன்னத்தில் பட்டது. வடுகபட்டிக்கும் வினிபெக்குக்கும் நடுவில் எத்தனை கடல் கிடக்கிறது. அந்த அம்மாளுக்குச் சொக்கலிங்கம் முதலாளியைத் தெரிந்திருக்க வழியே இல்லை.

நம்மூரில் விடிந்ததும் ஜெயமங்கலத்துக்குக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு இப்போது காது மந்தம். நாலாவது மாடி, மரம், பெஞ்சு என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் கைப்பேசியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அம்மா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பயகிட்டச் சொல்லு. என்னைய மாதிரி சின்ன முட்டையாப் பொறுக்கிக் குடுத்துறப் போறான். நல்லா அகலமாத் தள்ளச் சொல்லு."